ஜூன் பன்னிரண்டு என்றொரு நாள்

அத்தியாயம் 7

காலையிலிருந்து மேகலா ஒரு நாளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

இத்தனை வருஷத் துப்பறியும் தொழிலில் தொலைந்த ஆளைத் தேடியிருக்கிறாள். தொலைந்த நாயைத் தேடியிருக்கிறாள். ஒரு தடவை, வாடகை கொடுக்காமல் ஓடிப்போனவரை அவர் வளர்த்த ஆமையோடு சேர்த்துக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறாள். ஆனால் ஒரு தேதியைத் தேடி வெயிலில் அலைவது இதுதான் முதல் முறை. அந்தத் தேதி ஜூன் பன்னிரண்டு. அது போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்றைக்கு ஃபராஸ் எங்கே இருந்தான் என்பது ஃபராஸுக்கே ஞாபகம் இல்லை.

அடையாறில் அவன் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் கேட்டார்கள். கடைக்காரர் மாறிவிட்டிருந்தார். பெட்ரோல் பங்கில் கேமரா பதிவைக் கேட்டார்கள். அதெல்லாம் பதினைந்து நாளில் அழிந்துவிடும் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது தியாகராய நகரில் ஒரு மரத்தடியில் ஸ்கூட்டரை நிறுத்தி, அவளுடைய உதவியாளன் டில்லிபாபு கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தான்.

"நீங்க ஒண்ணு சொல்லுங்க மேடம். ஜூன் பன்னெண்டு நீங்க எங்க இருந்தீங்க?"

மேகலா யோசித்தாள். சுத்தமாக நினைவில்லை.

"பார்த்தீங்களா. உங்களையும் உள்ள தூக்கிப் போடலாம்."

"டில்லி, சாறைக் குடிச்சிட்டு வண்டியை எடு."

விஷயம் இதுதான். ஃபராஸ் திருவல்லிக்கேணிப் பையன். ஒரு லேபுக்காக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவன். அவன் போய்வந்த வீடுகளில் ஒன்று மயிலாப்பூரில் ஸ்ரீரங்கன் வீடு. அந்த வீட்டு மாமியின் வைரத்தோடு பீரோவிலிருந்து காணாமல் போய்விட்டது. ஜூலை முதல் வாரம் பீரோவைத் திறந்தபோதுதான் தெரிந்தது. என்றைக்குப் போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வீட்டுக்குள் வந்துபோன வெளியாட்கள் யார் யார் என்று போலீஸ் விசாரித்தது. லேபிலிருந்து ஒரு எக்செல் தாளில் ஒரே ஒரு வரியை வெட்டி அனுப்பினார்கள். அந்த வரியில் ஸ்ரீரங்கன் பெயருக்குப் பக்கத்தில் '12-ஜூன்' என்று இருந்தது. அன்றைக்கு ஸ்ரீரங்கனும் மாமியும் திருப்பதியில். வீட்டுக்குக் காவலாக இருந்தவன் மாமியின் அண்ணன் மகன் கிஷோர். அவனும், ஆமாம், அன்றைக்கு அந்தப் பையன் வந்தான் என்று சொல்லிவிட்டான். கிஷோர் இதைச் சொன்ன அன்று மாலையே போலீஸ் ஃபராஸை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நாளைக் காலை சைதாப்பேட்டை கோர்ட்டில் ஜாமீன் மனு. அதற்குள் அவன் அந்த வீட்டுக்குப் போகவில்லை என்று காட்ட வேண்டும். அவனுடைய அக்கா வஜீஹா காலையில் ஆபீஸுக்கு வந்து அழவில்லை, கெஞ்சவில்லை. ஒன்றைத்தான் சொன்னாள். "திருடன்னு ஒரு தடவை பேரு வந்துடுச்சுன்னா முடிஞ்சுது அக்கா. இவன் வேலைக்கு ஜனங்க கதவைத் திறந்து கையை நீட்டணும். யாரு நீட்டுவாங்க?" அது மேகலாவின் மனதில் காலையிலிருந்து உறுத்திக்கொண்டே இருந்தது.

லேப் அடுத்த தெருவில் இருந்தது. அதன் மேனேஜர் ஸ்ரீவத்சன் துடிப்பான இளைஞன். கசங்காத சட்டை. மேஜையில் ஒரு தூசி இல்லை. எதையும் ஒழுங்குபடுத்தாமல் விடமாட்டான் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அப்படிப்பட்டவர்களைக் கண்டால் மேகலாவுக்கு உள்ளூர ஒரு பயம்.

"பசங்க கையில ஒரு சின்ன மிஷின் இருக்கும் மேடம். தினமும் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் குடுக்கும். அதைத் திறந்து பார்த்தா கண்ணு வலிக்கும். பேரு, தெரு, போனு எல்லாம் ஒரே வரியில ஒட்டிக்கிட்டு இருக்கும், நடுவுல நடுவுல ஒரு குத்துக்கோடு. முன்னாடி இருந்த மேனேஜர் அப்படியே குவிச்சு வெச்சிட்டுப் போயிட்டார். நான் ஜாயின் பண்ணி ரெண்டு மாசம்தான் ஆகுது. மொத்தத்தையும் குத்துக்கோட்டுல பிரிச்சு, ஒரே எக்செல்ல கொண்டு வந்துட்டேன்."

திரையில் வரிவரியாகக் கட்டங்கள். மேலே பச்சை நிறத்தில் தலைப்புகள். பெயர், தேதி, தெரு, பகுதி, போன்.

"இந்தத் தலைப்பெல்லாம் மிஷின் குடுத்ததா?"

"மிஷின் தலைப்பு குடுக்காது. கட்டத்துல என்ன இருக்குன்னு பார்த்து நானே போட்டேன்."

"ஃபராஸ் ஒரு நாளைக்கு எத்தனை வீட்டுக்குப் போவான்?"

"எட்டுக்குக் குறையாது."

"ஜூன் பன்னிரண்டு மட்டும் எடுத்துக் காட்டுங்க."

ஸ்ரீவத்சன் தட்டினான். ஸ்ரீரங்கன் வீட்டு வரி மட்டும் தனியாக வந்து நின்றது.

"மீதி ஏழு வீடு எங்க?"

"மிஷின் கோளாறா இருக்கும் மேடம்."

டில்லிபாபு தாளை மேலும் கீழும் உருட்டினான். "இன்னா பாஸ் இது. இங்க ஒருத்தருக்கு டிசம்பர் பதினொண்ணுன்னு கீது. நவம்பர்ல ஒரு அம்மா கீறாங்க. நாம இன்னும் ஜூலையே தாண்டலையே."

"போன வருஷமா இருக்கும்."

"லேப் எப்போ ஆரம்பிச்சீங்க?" என்றாள் மேகலா.

"இந்த ஜனவரி." சொல்லிவிட்டு ஸ்ரீவத்சன் கொஞ்சம் தடுமாறினான். "அதான் சொன்னேனே மேடம், மிஷின் சரியில்லை. சில வரியில தேதியே விழலை. 43/19, 27/58ன்னு என்னென்னமோ விழுந்திருக்கு. அதையெல்லாம் சிவப்பு அடிச்சு ஒதுக்கி வெச்சிருக்கேன்."

"இந்த நவம்பர் அம்மாவுக்கு ஒரு போன் போடு டில்லி."

டில்லிபாபு போட்டான். அப்படியொரு எண்ணே கிடையாது என்றது போன். இன்னொன்று போட்டான். அதே பதில்தான். அப்புறம்தான் கவனித்தான். போன் கட்டத்தில் இருந்த எல்லா எண்களும் கடைசியில் வரிசையாகச் சைபர்களாக முடிந்தன. முன்னால் 91 சேர்ந்து எண் நீளமாக இருந்ததால் எக்செல் அதைத் தன் இஷ்டத்துக்குச் சுருக்கியிருக்கிறது. ஸ்ரீவத்சனும் பார்க்காமல் அப்படியே சேமித்துவிட்டிருக்கிறான்.

"எல்லாரும் ஃபேன்சி நம்பர் கோஷ்டி மேடம்."

மேகலா பல்லைக் கடித்துக்கொண்டாள். "சரி. அந்தப் பழைய டெக்ஸ்ட் ஃபைல்களைக் காட்டுங்க. அதுல பார்த்துக்கறேன்."

"டெலிட் பண்ணிட்டேன் மேடம். எக்செல்ல வந்தப்புறம் அது எதுக்கு, சும்மா இடத்தை அடைச்சிட்டு."

ஒரு மனிதனின் விடுதலை இந்தக் கட்டங்களுக்குள் எங்கேயோ இருக்கிறது, அதை இவன் துடைத்துச் சுத்தம் செய்து வைத்திருக்கிறான். மேகலாவுக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது.

"நல்ல வேளை பாஸ், நீங்க ரத்தம் எடுக்கற பக்கம் இல்லை," என்றான் டில்லிபாபு. "ரிப்போர்ட் வந்துட்ச்சு, இனிமே ஆள் எதுக்குன்னு பேஷண்டை டெலிட் பண்ணியிருப்பீங்க."

தாளை அச்செடுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். மயிலாப்பூர் போகும் வழியெல்லாம் மேகலா ஒரு வார்த்தை பேசவில்லை. லஸ் முனையில் சிக்னலுக்கு நின்றபோது டில்லிபாபு திரும்பிப் பார்த்தான். "திட்டணும்னா திட்டிடுங்க மேடம். உள்ளயே வெச்சிக்கினா பிபி ஏறும். அப்புறம் ரத்தம் எடுக்கவும் ஆள் இல்ல."

ஸ்ரீரங்கன் ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரி. கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். மாமி சமையலறை வாசலில் நின்றாள். உணவு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கிஷோர் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டிலிருந்தே வேலையாம். முப்பது வயதிருக்கும். மரியாதையாக எழுந்து நின்று நாற்காலி போட்டான்.

"அந்தப் பையன் எத்தனை தடவை வந்தான் சார்?"

"எனக்கு ரத்தம் எடுக்க ஒரு தடவை," என்றார் ஸ்ரீரங்கன். "பங்குனி மாசம். வெயில் ஆரம்பிச்சுடுத்து."

"நான்கூட காபி குடிக்கறயாப்பான்னு கேட்டேன்," என்றாள் மாமி. "நோன்பு மாமின்னு சொல்லிச் சிரிச்சான். அது தெரியாம கேட்டுட்டோமேன்னு எனக்கு ஒரு மாதிரியா போயிடுத்து. அந்தப் பிள்ளையா இப்படிப் பண்ணுவான்னு இன்னமும் மனசு ஒப்பலை."

"தோடு அப்போ இருந்ததா?"

"இருந்ததே. சித்திரை கடைசியில எதிர்த்தாத்துக் கல்யாணத்துக்குப் போட்டுண்டு போனேன். போட்டோவே இருக்கு. அதுக்கப்புறம்தான் போயிருக்கு."

இதுதான் இடித்தது. பங்குனியில் வந்தவன் சித்திரையில் போட்டுக்கொண்ட தோட்டை எடுத்திருக்க முடியாது. ஃபராஸும் ஆரம்பத்திலிருந்து, நோன்பு மாசத்துல ஒரே ஒரு தடவைதான் போனேன் என்று தலையில் அடித்துக்கொள்கிறான். ஜூன் பன்னிரண்டு என்ற அந்த ஒரு வரி இல்லையென்றால் வழக்கே இல்லை. அந்த ஒரு வரிதான் அசைய மாட்டேன் என்கிறது.

"ரெண்டாவது தடவை வந்ததை நீங்கதான் பார்த்தீங்க?"

கிஷோர் தலையாட்டினான். "பெல் அடிச்சான். இன்னொரு சாம்பிள் வேணும்னான். அத்திம்பேர் ஊர்ல இல்லைன்னேன். குடிக்கத் தண்ணி கேட்டான். நான் உள்ள போய் எடுத்துண்டு வரேன், அவன் பெட்ரூம் பக்கத்துலேர்ந்து வரான். நீலச் சட்டை. தோள்ல பை. வியாழக்கிழமை, ஜூன் பன்னிரண்டு. நன்னா ஞாபகம் இருக்கு."

"நம்ம ரெண்டு பேரை விட நல்ல ஞாபகம் மேடம்," என்று டில்லிபாபு முணுமுணுத்தான்.

மேகலா எப்படியெல்லாமோ கேட்டுப் பார்த்தாள். சட்டையின் நீலம் மாறவில்லை, கிழமை மாறவில்லை. நாளைக்கு வக்கீல் கேட்டாலும் இதையேதான் சொல்வான். நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். கேட்டைத் தாண்டி வெளியே வந்ததும் கையிலிருந்த தாள்களைச் சுருட்டி ஸ்கூட்டர் சீட்டின் மேல் ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

"வண்டி இன்னா மேடம் பண்ணுச்சு?"

"ஒரு நாள் முழுக்கப் போச்சு டில்லி. அந்தப் பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

டில்லிபாபு இந்த முறை கிண்டல் செய்யவில்லை. தாள்களை வாங்கிப் பிரித்து நீவினான். "கடைசியா ஒண்ணு பார்த்துடலாம். ஃபராஸ் போன வூடு எதுனா இந்தப் பக்கத்துலயே இருந்தா, ஜூன்ல வந்தானான்னு நேர்ல கேட்டுடலாம். போன்தானே வேலை செய்யலை. இதோ பாருங்க, நம்ம டிசம்பர் பார்ட்டி. ரெண்டு தெரு தள்ளித்தான் கீறாரு."

"சரி, எந்த வீடு?"

"பேரு கீது. தெரு கீது. மயிலாப்பூர்னு கீது." அவன் விரல் வரியின் கடைசிவரை போய்விட்டுத் திரும்பி வந்தது. "வூட்டு நம்பர் இல்லியே."

"அடுத்த வரி?"

"அதுலயும் இல்லை. எதுலயுமே இல்லை மேடம். தெரு மட்டும்தான்." டில்லிபாபு உதட்டைப் பிதுக்கினான். "அந்தப் பையன் பெரிய ஆளுதான். நம்பரே இல்லாம தெருத்தெருவா கூவிக்கினே போய் ரத்தம் எடுத்திருக்கான் போல."

மேகலா அவனைப் பார்த்தாள். அப்புறம் தாளைப் பார்த்தாள். பெயர், தேதி, தெரு, பகுதி, போன். ஒரு வீட்டைத் தேடிப் போகிறவனுக்கு முதலில் வேண்டியது எதுவோ, அது மட்டும் இல்லை. யாருக்குமே தேவைப்படாத ஒரு தேதி மட்டும், பெயருக்கும் தெருவுக்கும் நடுவே வந்து உட்கார்ந்திருக்கிறது. முகவரியில் அந்த இடத்தில் என்ன எழுதுவோம்?

அவள் மெல்லத் திரும்பினாள். ஸ்ரீரங்கன் வீட்டு மதில் சுவரில், நீலத் தகட்டில், சென்னையில் பாதி வீடுகளில் இருப்பதுபோல மேலே ஓர் எண்ணும் கீழே ஓர் எண்ணும் இருந்தன. புதிய எண் 12. பழைய எண் 6.

"டில்லி, உன் வீட்டு நம்பரை ஒரு தாள்ல எப்படி எழுதுவ?"

"52/31. புதுசு போட்டு, கோடு போட்டு, பழசு. கார்ப்பரேஷன்காரன் நம்பரை மாத்தி எத்தனை வருஷம் ஆனாலும் ரெண்டையும் எழுதலைன்னா தபால் வராது." சொல்லிக்கொண்டே வந்தவன் வாயை மூடிக்கொண்டான். தாளைப் பார்த்தான். தகட்டைப் பார்த்தான். "அட சண்டாளா."

மேகலா ஏற்கனவே ஸ்ரீவத்சனுக்குப் போன் போட்டிருந்தாள்.

"அந்த டெக்ஸ்ட் ஃபைல் ஒவ்வொண்ணுக்கும் என்ன பேரு இருந்தது?"

"அன்னன்னிக்குத் தேதிதான் மேடம். மிஷினே போட்டுடும்."

"தேதி வெளியிலேயே இருக்கும்போது உள்ள எதுக்கு இன்னொரு தேதி?"

மறுமுனையில் ஸ்ரீவத்சன் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது.

"ரத்தம் எடுத்த தேதியெல்லாம் அந்த ஃபைல் பேர்ல இருந்தது. நீங்க அதை அழிச்சிட்டீங்க. உள்ள இருந்தது வீட்டு நம்பர். 11/12ன்னு இருந்தா எக்செல் அதை டிசம்பர் பதினொண்ணுன்னு மாத்திக்கிச்சு. 43/19ஐ தேதியா மாத்த முடியலை, விட்டுடுச்சு. உங்க மிஷின் நல்லாத்தான் இருக்கு."

"மேடம், நான்..." என்றான் ஸ்ரீவத்சன். மேகலா வைத்துவிட்டாள். அவனைத் திட்ட நாளைக்கு நேரம் இருக்கிறது.

மறுபடியும் உள்ளே போனபோது ஸ்ரீரங்கன் ஊஞ்சலை நிறுத்தினார்.

"ஒரு சின்ன உதவி சார். அன்னைக்கு ரத்தம் எடுத்தாங்களே, அந்த ரிப்போர்ட் இருக்கா?"

அவர் எதையும் தூக்கிப் போடாத மனிதர். பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். மேலே ரத்தம் எடுத்த தேதி அச்சாகியிருந்தது. மார்ச் பத்தொன்பது.

"இந்த வீட்டு பேர்ல லேப்ல மொத்தமே ஒரு வரிதான் இருக்கு சார். அந்த ஒரு வரி இந்த மார்ச் மாசத்து வரி. ஜூன்ல வந்ததா இன்னொரு வரி கிடையாது." மேகலா உணவு மேஜைப் பக்கம் திரும்பினாள். "ஜூன் பன்னிரண்டுன்னு முதல்ல சொன்னது யாரு? நீங்களா, போலீஸா?"

கிஷோர் வாயைத் திறப்பதற்குள் ஸ்ரீரங்கன் சொன்னார். "இன்ஸ்பெக்டர்தான். ஜூன் பன்னிரண்டு லேப் பையன் வந்தானான்னு கேட்டார். இவன் ஆமான்னான்."

"மிஸ்டர் கிஷோர், உங்க லேப்டாப்புல ஒரு புது எக்செல் திறங்க."

"எதுக்கு?"

"திறங்களேன்."

திறந்தான்.

"முதல் கட்டத்துல இந்த வீட்டு நம்பரை அடிங்க. புதுசு, கோடு, பழசு. தபால்ல எழுதற மாதிரியே."

கிஷோர் 12 என்று அடித்தான். கோடு அடித்தான். 6 அடித்தான். என்டரைத் தட்டினான்.

கட்டத்தில் 12-ஜூன் என்று வந்து நின்றது.

ஸ்ரீரங்கன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து வந்து குனிந்து பார்த்தார். மாமியும் வந்து பார்த்தாள்.

"போலீஸ் கைக்கு வந்தது இந்த வீட்டு வாசல் நம்பர்," என்றாள் மேகலா. "அதை தேதின்னு நினைச்சு அவங்க உங்ககிட்ட கேட்டாங்க. அப்படி ஒரு தேதியே அந்த லிஸ்ட்ல கிடையாது. ஆனா நீங்க அன்னைக்கு அவனைக் கண்ணால பார்த்திருக்கீங்க. கிழமையோட, சட்டை கலரோட."

"ஒருவேளை... நான் நாளை மாத்திச் சொல்லியிருக்கலாம்," என்றான் கிஷோர்.

"நன்னா ஞாபகம் இருக்குன்னீங்களே சார்," என்றான் டில்லிபாபு. "நீலச் சட்டை போட்டுக்கினு, தோள்ல பை மாட்டிக்கினு, உங்க கதவு நம்பர் பெல் அடிச்சு தண்ணி கேட்டுட்ச்சா?"

கிஷோர் லேப்டாப்பை மூடப் போனான். ஸ்ரீரங்கன் அதன் மேல் கையை வைத்துவிட்டார்.

மாமி நகரவில்லை. அண்ணன் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஊருக்குப் போகும்போது பீரோச் சாவியை நம்பி ஒப்படைத்தவள் அவள்தான். அது இப்போதுதான் அவளுக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"கிஷோர்," என்றாள் சத்தமில்லாமல், "அன்னிக்கு நீ யாருக்குடா கதவைத் திறந்தே?"

மேகலாவின் போன் அடித்தது. வஜீஹா. காலையிலிருந்து அவள் கூப்பிட்டபோதெல்லாம் எடுக்கவே கூசிக்கொண்டிருந்த மேகலா, இப்போது கூடத்தை விட்டு வெளியே வந்து முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அக்கா, வக்கீல் கேக்கறாரு. ஜூன் பன்னெண்டு ஃபராஸ் எங்க இருந்தான்னு ஏதாவது தெரிஞ்சுதா?"

மேகலா திரும்பிப் பார்த்தாள். உள்ளே கிஷோர் தலையைக் குனிந்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"இனிமே உன் தம்பிகிட்ட அந்தக் கேள்வியை யாரும் கேக்க மாட்டாங்க வஜீஹா. கேட்க வேண்டிய ஆள் இங்கதான் உட்கார்ந்திருக்கார்."